மூடியைப் பாதி திறக்கலாம்

பாடம் நடத்தும் வாத்தியாரையே வகுப்புக்கு வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துகிற கல்லூரியை நீங்கள் எங்காவது பார்த்ததுண்டா? சுவிஸில், ஊஸ்டர் நகரில் ஒன்று இருக்கிறது. நடுநிலை மொழிபெயர்ப்பு உயர்கல்லூரி என்று பெயர். ஸ்டேஷனில் இறங்கி ஏரிப்பக்கம் நடந்தால், சுவர் முழுக்கக் கண்ணாடியாக நிற்கிற கட்டடம். உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும். ஏன் நடக்கிறது என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது.

அங்கே சீனத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சுவிஸில் எதற்கப்பா இந்த இரண்டும் என்று கஜலக்சுமி வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே கேட்டாள். கல்லூரித் தலைவரான ரெக்டர் ஒட்டிக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஜெர்மன் எடுத்தால் பிரெஞ்சுக்காரருக்கு மனவருத்தம். பிரெஞ்சு எடுத்தால் இத்தாலியருக்கு மனவருத்தம். சீனமும் ஆங்கிலமும் இங்கே யாருக்கும் சொந்தமில்லை. எங்களுக்கு மொழி முக்கியமில்லை, திருமதி கஜலக்சுமி. நடுநிலைதான் முக்கியம்."

கஜலக்சுமி யாழ்ப்பாணத்திலிருந்து களனிப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சீனம் படித்தவள். புலமைப்பரிசில் கிடைத்து நான்ஜிங்கிலும் இருந்தாள். பிறகு குலேந்திரனைக் கட்டி ஊஸ்டருக்கு வந்து சேர்ந்தாள். குலேந்திரன் அதே கல்லூரியின் மென்சாவில், அதாவது மாணவர் உணவகத்தில், சமையல்காரன். அவள் மேலே கற்பித்தாள், அவன் கீழே கிண்டினான். அவளுடைய வேலை ஒப்பந்தத்தை ஒவ்வொரு வருடமும் புதுப்பிப்பார்கள், "ஒத்துப்போகிறவர்" என்று யாராவது மேலே எழுதினால். அந்த ஒரு சொல்லுக்காகவே அவள் பலதையும் பொறுத்துக்கொண்டாள்.

சுவிஸில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஊர்ச் சபையில் உங்கள் மச்சானுக்குக் காணி கொடுப்பதா என்று வாக்கெடுத்தால், நீங்கள் எழும்பி வெளியே போய்விட வேண்டும். சம்பந்தப்பட்டவர் உள்ளே இருந்தால் தீர்ப்பு கோணிப்போகும் அல்லவா? இதற்கு 'விலகி நிற்றல்' என்று பெயர். ரெக்டர் இந்த நல்ல வழக்கத்தைப் பிடித்து மொழிபெயர்ப்பு வகுப்புக்குள் அவிழ்த்துவிட்டார். ஒவ்வொரு வசனத்துக்கும் என்ன பொருள் என்பதை மாணவர்கள் கை உயர்த்தித் தீர்மானிக்க வேண்டும். சீனம் நன்றாகத் தெரிந்தவர்கள் சீனத்தின் பக்கம் சாய்வார்கள். ஆகையால் அவர்கள் சம்பந்தப்பட்டவர்கள். வாக்கெடுப்பு நடக்கும்போது அவர்கள் நடைவழியில் போட்டிருக்கிற நீள வாங்கில் குந்தியிருக்க வேண்டும்.

ஆகவே வாக்கெடுப்பு மணி அடித்ததும் வாத்தியார் கஜலக்சுமியும், செங்டுவில் பிறந்த மாணவி லின்னும் எழும்பி வெளியே போவார்கள். இருவரும் வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, கண்ணாடிக்குள்ளே கைகள் உயர்வதைப் பார்ப்பார்கள். சத்தம் கேட்காது. லின் நகம் கடிப்பாள்.

முதலில் ஆபத்தில்லாமல்தான் போனது. ஒரு தேயிலை விளம்பரத்தில் "இந்தத் தேநீர் கசக்கும்" என்று இருந்தது. கசக்கும் என்றால் விற்பவருக்கு நட்டம், கசக்காது என்றால் குடிப்பவருக்கு ஏமாற்றம். வாக்கெடுத்து "நடுத்தரமாகக் கசக்கும்" என்று முடித்தார்கள். கஜலக்சுமி சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். அடுத்த மாதம் ஒரு மலைப்பாதை அறிவிப்பு வந்தது. பாலம் உடைந்துவிட்டது, போகாதீர்கள் என்று அதில் எழுதியிருந்தது. அவள் வாங்கிலிருந்து திரும்பி வந்து பலகையைப் பார்த்தாள். "பாலம் ஓரளவு உடைந்துள்ளது, ஓரளவு போகலாம்." அன்றைக்குத்தான் முதன்முதலாகத் திருத்தி எழுதப் போனாள். சோக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, இது வெறும் பயிற்சிதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பிறகுதான் அந்தப் பானை வந்தது.

கல்லூரியின் ஆண்டு விழாவுக்கென்று மென்சாவுக்குச் சீனாவிலிருந்து பெரிய அமுக்கப் பானை, அதுதான் பிரஷர் குக்கர், ஒன்று வாங்கினார்கள். ஒரு ஆட்டை முழுதாக உள்ளே வைத்து மூடலாம், அவ்வளவு பெரியது. மூடியைச் சுற்றித் திருகாணிகள், நடுவிலே ஒரு சிவப்பு ஊசி. உள்ளே ஆவி நிறைந்தால் ஊசி மேலே எழும்பி நிற்கும். பானையோடு வந்த விளக்கம் முழுக்கச் சீனத்தில். ரெக்டருக்கு வாயெல்லாம் பல். மாணவர்களே மொழிபெயர்க்கட்டும், அதைப் பானையிலேயே ஒட்டுவோம், விழா அன்று எல்லோர் முன்னாலும் எழுதியபடி திறந்து காட்டுவோம் என்றார்.

விளக்கத்தில் முக்கியமான வசனம் ஒன்றுதான். சிவப்பு ஊசி எழும்பி நிற்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. இதைச் சீனத்தில் எழுதியவர் யாரென்று தெரியாது, ஆனால் மனிதர் மிகத் தெளிவாக எழுதியிருந்தார்.

வாக்கெடுப்பு மணி அடித்தது. கஜலக்சுமி எழும்பவில்லை.

"பிள்ளையள், இந்த ஒரு வசனத்துக்கு மட்டும் நான் சொல்லுறதைக் கேளுங்கோ," என்று அவள் ஆங்கிலத்தையும் ஜெர்மனையும் கலந்து கெஞ்சியபோது தமிழும் சேர்ந்து வந்துவிட்டது. கடைசி வரிசையில் இருந்த கல்லூரியின் தரமேற்பார்வையாளர் ஃபிராவ் சொலிங்கர் மெல்ல இருமினார்.

"திருமதி கஜலக்சுமி, சரியான விடையை ஆசிரியர் சொல்வது ஒரு விதமான வன்முறை. தயவுசெய்து வாங்குக்குப் போங்கள்."

அவள் போனாள். கண்ணாடிக்குள்ளே வாய்கள் அசைந்தன. பிறகு கைகள் உயர்ந்தன. உள்ளே போய்ப் பார்த்தபோது பலகையில் எழுதியிருந்தது: "சிவப்பு ஊசி எழும்பி நிற்கும்போது மூடியைப் பாதி திறக்கலாம்."

சாருஜா ஓடிவந்தாள். ஊஸ்டரிலேயே பிறந்த பிள்ளை, கெட்டிக்காரி. வகுப்பிலே தமிழ் கதைக்கிற ஒரேயொரு மாணவி.

"மிஸ், சரியான டிஸ்கஷன்! கொஞ்சப் பேர் திறக்கலாம் எண்டவை, கொஞ்சப் பேர் திறக்கக்கூடாது எண்டவை. பாதி திறக்கலாம் எண்டு நான்தான் கொம்ப்ரொமிஸ் குடுத்தனான். எல்லாருக்கும் ஓகே."

"பானைக்கு ஓகேயோ பிள்ளை?"

சாருஜாவுக்கு விளங்கவில்லை. ஃபிராவ் சொலிங்கர் தன் கோப்பில் ஏதோ எழுதினார்.

அன்று பின்னேரம் வீட்டில் குலேந்திரன் சந்தோஷமாக இருந்தான். விழா அன்று ரெக்டரோடு மேடையில் நின்று பானையைத் திறக்கப்போவது அவன்தான். புது வெள்ளைச் சட்டைகூடக் கொடுத்துவிட்டார்களாம்.

"இஞ்சாருங்கோ, அந்தப் பானையிலை கை வையாதேங்கோ," என்றாள் கஜலக்சுமி. "அது பிழை. திறந்தா முகத்திலை ஆவி அடிச்சுப்போடும். கண்ணும் போயிடும்."

"அப்ப நீர் ஏன் வகுப்பிலை சொல்லேல்லை?"

"சொல்ல விட்டவையோ? என்னை வெளியிலை இருத்திப்போட்டெல்லோ எழுதினவை!"

"நான் மாட்டன் எண்டு சொன்னா வேலை போயிடுமப்பா. ஒட்டியிருக்கிறபடி செய்யாத ஆளுக்கு எச்சரிக்கைக் கடிதம் எண்டு செஃப் சொல்லிப்போட்டார்."

"வேலை போனாப் போகட்டும்."

"ரெண்டு பேரின்ரை வேலையுமோ?"

அவன் அந்த வெள்ளைச் சட்டையை மடித்துக் கதிரையில் வைத்தான். அவள் அவனுடைய மீசை, கன்னம், இடது புருவத்தில் இருக்கிற சின்னத் தழும்பு, எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். சாப்பாடு இறங்கவில்லை.

விழா வந்தது. நகரசபையாட்கள், பள்ளிக்கூடத் தலைவர்கள், ஆஸ்பத்திரி நிர்வாகிகள், முதியோர் இல்லக்காரர் என்று மண்டபம் நிறைந்துவிட்டது. மேடையில் பானை கொதித்துக்கொண்டிருந்தது. சிவப்பு ஊசி விறைத்துக்கொண்டு மேலே நின்றது. ரெக்டர் பேசத் தொடங்கினார்.

"மூலம் எங்களுக்குக் கட்டளை இடுகிறது. நாங்கள் அதோடு கலந்து பேசுகிறோம். மூலம் கூடாது என்கிறது. நாங்கள் கேட்கிறோம், முழுதாகக் கூடாதா, இல்லை பாதியாவது கூடுமா? பானையும் இந்தச் சமூகத்தின் ஒரு உறுப்பினர்தான்."

எல்லோரும் கை தட்டினார்கள். பூச்செண்டு கொடுப்பதற்காக எல்லோரும் மேடையின் ஒரு பக்கம் கூடியபோது, கஜலக்சுமி திரைக்குப் பின்னால் போனாள். அங்கிருந்து பானையடிக்கு வந்தாள். அடுப்பை அணைத்தாள். ஆவி போக்குகிற குமிழைத் துணியால் பிடித்துத் திருப்பினாள். புஸ்ஸென்று போன சத்தத்தைக் கைதட்டல் விழுங்கிவிட்டது. ஊசி மெல்ல மெல்லக் கீழே இறங்கியதை ஒருவரும் கவனிக்கவில்லை. அவள் திரும்பி வந்து தன் கதிரையில் இருந்தாள்.

குலேந்திரன் கண்ணை இறுக மூடிக்கொண்டு மூடியைப் பாதி திருப்பினான். ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே இருந்து பார்லிக் கஞ்சி வாசம் வந்தது, அவ்வளவுதான். மண்டபமே எழும்பி நின்றது. அவன் கண்ணைத் திறந்து, உயிரோடு நிற்கிறேனா என்று தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். கஜலக்சுமிக்குக் கண்ணீர் வந்தது. பக்கத்தில் இருந்த ஃபிராவ் சொலிங்கர், அது கல்லூரிமேல் உள்ள பற்று என்று நினைத்து அவளுடைய முழங்கையைத் தட்டிக்கொடுத்தார்.

அவள் புருஷனைக் காப்பாற்றிவிட்டாள். கூடவே அந்த மொழிபெயர்ப்பையும் காப்பாற்றிவிட்டாள் என்பது அடுத்த கிழமைதான் தெரிந்தது. மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் அதே பானைக்குக் கல்லூரியிடம் ஆர்டர் கொடுத்திருந்தார்கள். பள்ளிக்கூடங்கள், ஆஸ்பத்திரிகள், முதியோர் இல்லங்கள் என்று பக்கத்து வின்டர்தூரிலிருந்து தூரத்துப் பாசல் நகரம் வரைக்கும். ஒவ்வொரு பானையிலும் கல்லூரியின் முத்திரையோடு அந்த வசனம். பரீட்சித்து உறுதிப்படுத்தப்பட்டது என்று கீழே எழுதியிருந்தது.

கஜலக்சுமி பொறுக்கமாட்டாமல் கல்லூரியின் கல்விச் சபையின் முன்னால் போய் நின்றாள். உள்ளதைச் சொன்னாள். "ஆவியைத் திறந்துவிட்டது நான். ஊசி இறங்கிய பிறகுதான் அவர் மூடியைத் திருப்பினார். அந்த வசனம் ஆளைக் கொல்லும்."

சபையில் ஒருவரும் கோபப்படவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. மனம் திறந்து பேசியதற்கு ரெக்டர் நன்றி சொன்னார். பிறகு, இது அவளைப் பற்றிய விஷயம் என்பதால் அவள் விலகி நிற்க வேண்டும் என்றார். அவள் வாங்கில் இருந்தாள். கைகள் உயர்ந்தன. கூப்பிட்டுத் தீர்மானத்தை வாசித்தார்கள்: ஆவி ஓரளவு திருமதி கஜலக்சுமியாலும், ஓரளவு மொழிபெயர்ப்பின் தரத்தாலும் வெளியேறியது. அவளுடைய ஒப்பந்தம் பரிசீலனையில் இருப்பதாகவும் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து கதிரையில் விழுந்தாள்.

"ஆரேன் ஒருத்தற்றை முகம் வெந்தாத்தான் உவையளுக்கு விளங்கும் போல," என்றாள்.

குலேந்திரன் கைத்தொலைபேசியை எடுத்தான்.

"இஞ்சை பாரும், உந்தப் பானையெல்லாம் ஆர் கிண்டுறது? வின்டர்தூர் முதியோர் இல்லத்திலை சாருஜாவின்ரை தேப்பன் நித்தியானந்தன் அண்ணை. பாசல் ஆஸ்பத்திரியிலை லக்ஷன். பள்ளிக்கூடக் குசினியிலை எங்கடை பெடியள். எந்தக் குசினியிலை தமிழன் இல்லை? நீர் தமிழிலை எழுதித் தாரும். மிச்சத்தை நான் பாக்கிறன்."

அவள் ஒரே மூச்சில் எழுதினாள். சிவப்பு ஊசி எழும்பி நிக்கேக்கை மூடியிலை கை வையாதேங்கோ. குலேந்திரன் அதைப் படம் பிடித்துத் தன் நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினான். இரண்டு நாளில் எல்லாக் குசினியிலும் கல்லூரி முத்திரைக்குக் கீழே ஒரு சின்னத் தமிழ்த் துண்டு ஒட்டியாயிற்று. ஒரு பானையும் வெடிக்கவில்லை. ஒருவருக்கும் விரல்கூடச் சுடவில்லை. அதைப் பார்த்துவிட்டுக் கல்லூரி, தன் மொழிபெயர்ப்பின் வெற்றி என்று இணையதளத்தில் போட்டது. போடட்டும் என்று விட்டுவிட்டாள் கஜலக்சுமி. பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

ஆனால் சொலிங்கர் சும்மா இருக்கிற பெண்ணா? கல்லூரி முத்திரை போட்ட பானைகளின் தரமேற்பார்வைக்குப் போன இடமெல்லாம் அந்தத் துண்டைக் கண்டுவிட்டார். வெள்ளிக்கிழமை ரெக்டரின் அறையில் கஜலக்சுமியைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள்.

"இது என்ன?" என்று ரெக்டர் அந்தத் துண்டைக் காட்டிக் கேட்டார்.

"தமிழ். ஊசி எழும்பி நிற்கும்போது திறக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது."

"இந்தப் பொருளை யார் தீர்மானித்தது?"

கஜலக்சுமிக்கு என்ன துணிச்சல் வந்ததோ தெரியாது. "குசினியில் வேலை செய்கிற எல்லோரும். ஒருவர்கூட எதிர்க்கவில்லை," என்றாள்.

ரெக்டரின் முகம் வெளிறியது. "ஏகமனதாகவா?" அவருடைய கல்லூரியில் அப்படியொன்று நடந்ததே இல்லை. கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்பாடா, ஒரு வழியாக விளங்கிவிட்டது என்று கஜலக்சுமி மூச்சு விட்டாள்.

"ஒரு கேள்வி," என்றார் ரெக்டர். "சம்பந்தப்பட்டவர்கள் விலகி நின்றார்களா?"

"இல்லை. எல்லோரும் பானைக்குப் பக்கத்தில்தான் நின்றார்கள்."

அவர் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். "அப்படியென்றால் செல்லாது. திங்கட்கிழமை வாக்கெடுத்து இந்தத் துண்டுகளை அகற்றுவோம். நீங்கள் பயப்படுவது எனக்குத் தெரிகிறது. இந்தச் சனிக்கிழமை மலை வீட்டில் எனக்கு விருந்தாளிகள். வீட்டுக்கென்று சின்ன அளவில் இதே பானை ஒன்று வாங்கியிருக்கிறேன். நானே பாதி திறந்து காட்டுகிறேன்."

"ஐயோ, வேண்டாம், ரெக்டர்! தயவுசெய்து வேண்டாம்!"

"அது உங்கள் சொந்தக் கருத்து," என்றார் அவர் அன்பாக.

மலை வீட்டில் தமிழர் ஒருவரும் இல்லை. சனியும் ஞாயிறும் கஜலக்சுமிக்குக் கழிந்த விதத்தைச் சொல்லி மாளாது. எங்கே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலும் யன்னலுக்கு ஓடினாள். அந்த மனிதர்மேல் அவளுக்கு இருந்த எரிச்சலெல்லாம் போய், கடவுளே அந்த ஆளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று விளக்கு வைத்தாள்.

திங்கட்கிழமை ரெக்டர் வந்தார். வலது கையில் முழங்கைவரை வெள்ளைக் கட்டு. கன்னத்தில் ஒரு பக்கம் சிவந்து, தோல் உரிந்திருந்தது. கஜலக்சுமிக்கு அழுகையும் வந்தது, பாவி மனுஷா என்று கத்தவும் வந்தது. இனியாவது விளங்கியிருக்கும் என்று நினைத்தாள்.

ரெக்டர் மேசைக்குப் பின்னால் நின்று பேசினார். "சனிக்கிழமை நான் மூடியை எழுதியபடி பாதி திறந்தேன். ஒரு கை வெந்தது. யோசித்துப் பாருங்கள். முழுதாகத் திறந்திருந்தால் இரண்டு கையும் வெந்திருக்கும். என்னைக் காப்பாற்றியது இந்த வகுப்பின் சமரசம்தான்."

கொஞ்சப் பேர் கை தட்டினார்கள். அடுத்தது, தமிழ்த் துண்டுகளை அகற்றுவதா என்ற வாக்கெடுப்பு. வாக்கெடுப்பு மணி அடித்தது. லின் எழும்பினாள். கஜலக்சுமியும் எழும்பினாள். மூன்றாவதாக ஒரு கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. சாருஜா.

"என்ரை அப்பாவும் அந்தப் பானையிலைதான் வேலை, மிஸ்," என்றாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. "நானும் சம்பந்தப்பட்ட ஆள்தானே?"

"நீ உள்ளை இருந்தா ஒரு வோட்டாவது மிஞ்சுமடி," என்று கஜலக்சுமி தமிழில் சொன்னாள்.

"அது களவு மிஸ்." சாருஜா அழுதுகொண்டே வெளியே போனாள். அந்தக் கல்லூரி நேர்மையை மட்டும் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருந்தது.

கஜலக்சுமி கதவடியில் நின்றாள். ஒப்பந்தம், ஒத்துப்போதல், பரிசீலனை எல்லாம் ஒருமுறை நினைவுக்கு வந்தன. அவள் திரும்பினாள்.

"ரெக்டர், உங்களுடைய கை அந்தப் பானையில்தான் வெந்தது. நீங்களும் சம்பந்தப்பட்டவர்."

ரெக்டர் தன் கட்டைப் பார்த்தார். விதி அவர் போட்டதுதான். மறுத்துச் சொல்ல அவருக்குத் தெரியாது. மெல்ல நடந்து வெளியே வந்து, வாங்கில் கஜலக்சுமிக்குப் பக்கத்தில் அமர்ந்தார். கதவு சாத்தப்பட்டது.

இப்போது ஒரே வாங்கில் நாலு பேர்.

"வலிக்கிறதா?" என்று கேட்டாள் கஜலக்சுமி.

அவர் கதவைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, குழந்தைக் குரலில் சொன்னார். "தாங்க முடியாமல் வலிக்கிறது. அந்த ஊசி எழும்பி நின்றதைக் கண்டேன். திறந்திருக்கவே கூடாது."

"அப்ப உள்ளே போய்ச் சொல்லுங்கள், ரெக்டர். இந்த ஒரு வசனத்தை மட்டும் சொல்லுங்கள்!"

"முடியாது, திருமதி கஜலக்சுமி," என்றார் அவர். கண் கலங்கியிருந்தது. "நான் சம்பந்தப்பட்டவன்."

கண்ணாடிக்குள்ளே ஃபிராவ் சொலிங்கர் ஏதோ கேட்டார். கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. எல்லாம் நல்ல கைகள். ஒரு கையிலும் கட்டில்லை.